கரையின் செவி: சிறு மீன்பிடிப் படகுகளில் வயர்லெஸ்ஸின் வரலாறு

துடுப்பாலும் பாய்மரத்தாலும் கடலோடிய காலத்தில் தமிழகக் கரையின் மீனவர் நிலத்தோடு கொண்டிருந்த தொடர்பு முழுவதும் கண்ணைச் சார்ந்தே இருந்தது. மலைமுகடு, கோயில் கோபுரம், தேவாலயக் கூம்பு, பனங்கூட்டம் போன்ற கரை அடையாளங்களுள் இரண்டை நேர்கோட்டில் நிறுத்தி, வேறொரு திசையில் மேலும் இரண்டை அவ்வாறே பொருத்தி, அவ்விரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தைக் கொண்டு கடலடிப் பாறைகளையும் மீன் திரளும் மடைகளையும் அவர்கள் நினைவில் குறித்துவைத்தனர். பனைகள் மறைந்து மலை மட்டும் தெரியும் தொலைவு ஓர் எல்லையாகவும், மலையும் நீருக்குள் அமிழ்ந்துவிடும் தொலைவு அதற்கடுத்த எல்லையாகவும் கருதப்பட்டன. உயர்ந்து நிற்பதே தூரத்திலிருந்து தெரியும் என்னும் இந்த அறிவுதான், பல தலைமுறைகளுக்குப் பின் அதே படகுகளில் ஏறிய வானொலிக் கருவியின் வீச்சையும் வரையறுத்தது. எனினும் அக்கருவி சிறு படகுக்காகப் பிறந்ததன்று. பெருங்கப்பல்களுக்காக உருவாகி, அவற்றுக்கான சட்டங்களால் வளர்க்கப்பட்டு, எல்லோருக்கும் கடைசியாகவே மீனவரின் கைக்கு வந்தது. எந்த வயர்லெஸ்ஸை வாங்குவது, எந்த ஆன்டெனாவை எங்கே நிறுத்துவது என்று இன்றைய மீனவர் எதிர்கொள்ளும் கேள்விகளுக்குப் பின்னால் இந்தத் தாமதத்தின் வரலாறு இருக்கிறது. அழைப்பவரிடம் கருவி இருந்தால் மட்டும் போதாது, அதைக் கேட்பதற்கு ஒரு செவி விழித்திருக்க வேண்டும் என்பதே அவ்வரலாறு மீண்டும் மீண்டும் கற்பித்த பாடமாகும்.

1897 மே மாதத்தில் மார்க்கோனி பிரிஸ்டல் கால்வாயின் குறுக்கே, லாவர்னாக் முனைக்கும் ஃபிளாட் ஹோம் தீவுக்கும் இடையே கம்பியின்றிச் செய்தி அனுப்பிக் காட்டியபோதே, இந்தக் கண்டுபிடிப்பின் முதற்பயன் கடலில்தான் இருக்கும் என்பது தெளிவாகிவிட்டது. நிலத்தில் தந்திக் கம்பிகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. கம்பி இழுக்க முடியாத இடம் கடலில் ஓடும் கப்பலே. 1898 டிசம்பரில் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையருகே கிழக்கு குட்வின் மணல்திட்டைக் காவல்செய்த விளக்குக் கப்பலுக்கும் சவுத் ஃபோர்லாண்ட் கலங்கரை விளக்கத்துக்கும் இடையே வயர்லெஸ் இணைப்பு ஏற்படுத்தப்பட்டது. அடுத்த ஆண்டே அதன் வழியாகக் கடலிலிருந்து கரைக்கு உதவி கோரும் செய்திகள் வந்தன. 1906ஆம் ஆண்டின் பெர்லின் மாநாடு எஸ்.ஓ.எஸ். என்னும் மோர்ஸ் குறியை உலகப் பொது அபாய அறிவிப்பாக ஏற்றது. மோர்ஸ் என்பது குறுகிய, நீண்ட ஒலித்துடிப்புகளால் எழுத்துகளைக் குறிக்கும் முறை. அதைப் பழகிய ஒருவர் கப்பலில் இருந்தால்தான் கருவிக்குப் பயன் உண்டு.

கருவியும் குறியும் ஆளும் இருந்தும் போதாமல் போகக்கூடும் என்பதை 1912 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு உலகம் கண்டது. டைட்டானிக் பனிப்பாறையில் மோதியபோது அதற்கு அண்மையில் நின்றிருந்த கலிஃபோர்னியன் என்னும் கப்பலின் ஒரே வயர்லெஸ் இயக்குநர், தம் நாள்வேலை முடிந்து, கருவியை நிறுத்திவிட்டுச் சற்று முன்புதான் உறங்கச் சென்றிருந்தார். தொலைவிலிருந்த கார்பேத்தியா அழைப்பைக் கேட்டு விரைந்து வந்து சேர்வதற்குள் சுமார் 1,500 பேர் மாண்டனர். 1914இல் கையெழுத்தான கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான முதற் பன்னாட்டு உடன்படிக்கை, அதாவது பின்னாளில் சோலாஸ் எனப்பட்ட உடன்படிக்கை வரிசையின் முதலாவது, இடைவிடாது செவிமடுக்கும் காவலைப் பெரிய பயணிக் கப்பல்களின் கடமையாக்கியது. காலப்போக்கில் ‘மௌன நேரம்’ என்னும் வழக்கமும் நிலைபெற்றது. ஒவ்வொரு மணியிலும் பதினைந்தாம் நிமிடத்திலும் நாற்பத்தைந்தாம் நிமிடத்திலும் தொடங்கி மும்மூன்று நிமிடங்களுக்கு 500 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் எவரும் பேசாமல், மெலிந்த ஓர் அபாயக் குரல் எழுகிறதா என்று எல்லோரும் காதுகொடுக்க வேண்டும். கப்பலின் வானொலி அறைக் கடிகாரங்களில் அந்த நிமிடங்கள் சிவப்புப் பட்டையால் குறிக்கப்பட்டிருந்தன. ஓசை மிகுந்த கடலில் மௌனத்தை ஒரு விதியாக்கிய இவ்வழக்கம் மனிதர் வகுத்த பாதுகாப்பு முறைகளுள் மிக உயர்ந்த ஒன்றாகும்.

இவ்விதிகளின் நிழல் எந்த அளவுக் கலம் வரை விழுந்தது என்பதே சிறு படகின் வரலாற்றைத் தீர்மானித்தது. 1929ஆம் ஆண்டின் உடன்படிக்கை 1,600 டன்னும் அதற்கு மேலும் கொள்ளளவுள்ள சரக்குக் கப்பல்களுக்கு வானொலியைக் கட்டாயமாக்கியது; 1948இல் அந்த வரம்பு 500 டன்னாகவும், 1960இல் 300 டன்னாகவும் இறங்கியது. இங்கு டன் என்பது எடையைக் குறிப்பதன்று. கலத்தின் உள்வெளியைக் கொண்டு கணக்கிடப்படும் மொத்தக் கொள்ளளவு. படிப்படியாக இறங்கிய அந்த வரம்பு ஒருபோதும் மீன்பிடிப் படகை வந்தடையவில்லை; பொறியின்றி ஓடும் கலங்கள், பழைய முறையில் கட்டப்பட்ட மரக்கலங்கள் ஆகியவற்றோடு மீன்பிடிக் கலங்களும் உடன்படிக்கையின் பொது விதிகளிலிருந்து விலக்கப்பட்டன. மீன்பிடிக் கலங்களுக்கென்றே 1977இல் டாரெமோலினோஸ் நகரில் உருவான உடன்படிக்கையும் 24 மீட்டர் நீளமும் அதற்கு மேலும் உள்ளவற்றையே கருத்தில் கொண்டது. கடலில் மிகுதியாக உயிரிழக்கும் தொழிலாளர் கூட்டம் ஒன்று, கடல் பாதுகாப்புச் சட்டத்தின் வெளிவாசலிலேயே நிறுத்தப்பட்டது. சட்டம் விலக்கியதால்தான் வயர்லெஸ் வாங்குவதா வேண்டாமா என்பது மீனவரின் சொந்தத் தெரிவாகவும் சொந்தச் செலவாகவும் ஆயிற்று.

மீனவருக்கு வானொலியைத் திறந்துவிட்ட மாற்றம் குரல்வழித் தொடர்பு ஆகும். மோர்ஸ் அறிந்த இயக்குநரை அமர்த்தும் வசதி சிறு கலங்களுக்கு இல்லை. வாயால் பேசும் ரேடியோ தொலைபேசி வந்த பின்னரே படகை ஓட்டுபவர் தம் ஊர்மொழியில் தாமே பேச முடிந்தது. 1927இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு ‘மேடே’ என்னும் சொல்லைக் குரல்வழி அபாய அழைப்பாக ஏற்றது. 1947இல் அட்லாண்டிக் சிட்டி மாநாடு 2182 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணைக் குரல்வழி அபாய அழைப்புக்கு உரியதாக்க, அதற்கும் ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் நடுவிலும் மும்மூன்று நிமிட மௌனம் வகுக்கப்பட்டது. பிரிட்டனில் இந்த அதிர்வெண்களைச் சூழ்ந்த பகுதிக்கு ‘டிராலர் பட்டை’ என்றே பெயர் வழங்கியது. வீட்டிலிருந்த சாதாரண வானொலிப் பெட்டிகள் சிலவற்றிலும் அது கேட்டதால், மீன்பிடித் துறைமுகங்களின் குடும்பங்கள் அடுக்களையில் அமர்ந்தபடியே கடலில் இருந்த தம்மவரின் குரலைக் கேட்க முடிந்தது. அரசாங்கம் அமைத்த காவலுக்குப் பக்கத்தில், அன்பால் அமைந்த ஒரு காவல் இவ்வாறு இயங்கியது.

அந்தக் காவல் அறுந்தபோது நேர்ந்ததை இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தின் வரலாறு பதிவுசெய்துள்ளது. 1968 ஜனவரி 10ஆம் நாள் புறப்பட்ட செயின்ட் ரொமானஸ் என்னும் இழுவலைக் கப்பலில் தனி வானொலி இயக்குநர் இல்லை. அது மௌனமாகிப் பல நாள்கள் கழிந்தும், ஜனவரி 26 வரை காணாமற்போனதாக அறிவிக்கப்படவில்லை. பேசவேண்டிய கலம் பேசாதிருப்பதையே அபாயமாகக் கருதும் ஏற்பாடு கரையில் இல்லாமற் போயிற்று. அதைத் தொடர்ந்து கிங்ஸ்டன் பெரிடாட், ராஸ் கிளீவ்லாந்து ஆகியவையும் ஐஸ்லாந்துக் கடலில் மூழ்க, மூன்று கலங்களிலுமாக 58 பேர் உயிரிழந்தனர். லிலியன் பிலாக்கா என்னும் மீன்பதனத் தொழிலாளியின் தலைமையில் ஹல் நகரப் பெண்கள் ஆயிரக்கணக்கானோரின் கையொப்பங்களைத் திரட்டி, ஒவ்வொரு கலத்திலும் வானொலி இயக்குநர் வேண்டும் என்பதை முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்து லண்டன் சென்று அமைச்சர்களைச் சந்தித்தனர். மீன்பிடிக் கலங்களின் பாதுகாப்பு விதிகள் அங்கு மாறியதற்கு அந்தப் பெண்களின் போராட்டமே காரணம்.

டிராலர் பட்டையின் கருவி சுமார் 150 கடல்மைல், அதாவது 280 கிலோமீட்டர் அளவுக்கு எட்டக்கூடியது என்றாலும், அது சிறு படகுக்குப் பொருந்தாமைக்கு இயற்பியல் காரணம் உண்டு. 2182 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 137 மீட்டர். அதன் கால்பங்கு உயரமுள்ள ஆன்டெனாவுக்கே 34 மீட்டர் தேவை. பாய்மரங்களுக்கிடையே நீண்ட கம்பி கட்டவும், அடிப்பலகையில் செப்புத் தகடு பொருத்தி மின்னோட்டத்தைக் கடல்நீரோடு இணைக்கவும் பெரிய கலங்களால் முடிந்தது. எட்டு மீட்டர் வள்ளத்தில் அதற்கு இடமில்லை. 1950களின் இறுதியில் உலக அளவில் ஒழுங்குபடுத்தப்பட்ட வி.எச்.எஃப். என்னும் மிகை உயர் அதிர்வெண் முறை இந்தத் தடையை நீக்கிற்று. 156 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய இந்த அலைகளின் நீளம் இரண்டு மீட்டருக்கும் குறைவாதலால், ஒரு மீட்டர்க் கம்பியே அரை அலை ஆன்டெனாவாகிவிடும். 156.8 மெகாஹெர்ட்ஸ் ‘சேனல் 16’ என்ற பெயரில் அழைப்புக்கும் அபாய அறிவிப்புக்கும் உரியதாயிற்று. அதில் அழைத்துத் தொடர்பு கிடைத்ததும் வேறு சேனலுக்கு மாறிப் பேசவேண்டும் என்பது விதி.

ஆனால் இந்த அலைகள் ஏறத்தாழக் கண்பார்வையைப் போலவே நேர்கோட்டில் செல்பவை. கடல்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் கண் இருப்பவருக்கு 20 மீட்டர்ப் பனையின் உச்சி சுமார் 21 கிலோமீட்டர் வரை தெரியும். அதே இரு உயரங்களில் இரண்டு ஆன்டெனாக்கள் இருந்தால், காற்றில் அலை சிறிது வளைவதால் பேச்சு 24 கிலோமீட்டர் அளவுக்கு எட்டும். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அதன் வானொலி அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். பேசும் இருவரின் அடிவானங்களையும் கூட்டினால் எட்டும் தூரம் தெரியும். நான்கு மீட்டர் உயரத்தில் ஆன்டெனா கொண்ட இரு படகுகள் 16 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தூரத்திலும், அதே படகும் 100 மீட்டர் உயரத்திலுள்ள கரை ஆன்டெனாவும் ஏறத்தாழ 49 கிலோமீட்டர் தூரத்திலும் பேசிக்கொள்ளலாம். கரை ஆன்டெனா 25 மீட்டரிலேயே நின்றால் அந்தத் தூரம் 29 கிலோமீட்டருக்கும் கீழே சுருங்கிவிடும். படகுக்காரர் தம் பக்கத்தில் எவ்வளவு முயன்றாலும் ஓரிரு மீட்டருக்கு மேல் உயர்த்த இயலாது. கரையால் நூறு மீட்டர் உயர முடியும். சிறு படகின் பாதுகாப்பில் பெரும்பங்கு கரையின் பொறுப்பு என்பதை இந்தக் கணக்கு ஐயமின்றிக் காட்டுகிறது.

கருவியின் ஆற்றல் இதற்கு அடுத்த நிலையிலேயே வருகிறது. படகில் நிலையாகப் பொருத்தும் வயர்லெஸ் 25 வாட் வரையிலும், கையில் ஏந்துவது 5 அல்லது 6 வாட்டிலும் அலையை அனுப்புகின்றன. கூடுதல் வாட் பேச்சைத் தெளிவாக்குமேயன்றி அடிவானத்தைத் தள்ளிவைக்காது. 25 வாட்டில் பேசும்போது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஐந்து அல்லது ஆறு ஆம்பியர் மின்னோட்டம் இழுக்கப்படுவதால், கயிறு இழுத்துக் கிளப்பும் வெளிப்பொருத்து எஞ்சின் மட்டுமே உள்ள ஃபைபர் படகுக்கு நீர் புகாத கைக்கருவியும், பேட்டரியும் மின்னாக்கியும் உள்ள விசைப்படகுக்கு நிலைக்கருவியும் இயல்பாகப் பொருந்துகின்றன.

ஆன்டெனாவின் ‘கெயின்’ எனப்படும் பெருக்கத்திலும் சிறு படகுக்கென்று தனி நியாயம் உண்டு. பெருக்கம் புதிய ஆற்றலை உண்டாக்குவதில்லை. உருண்டை மாவைத் தட்டினால் அது அகன்று தட்டையாவதுபோல, எல்லாப் பக்கமும் பரவும் அலையை அது அடிவானத்தை நோக்கித் தட்டையாக்குகிறது. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள 3 டெசிபல் ஆன்டெனாவின் அலைத்தட்டு தடித்தது, 2.4 மீட்டர் நீளமுள்ள 6 டெசிபல் ஆன்டெனாவின் தட்டு மெல்லியது. சிறு வள்ளம் அலையில் பக்கவாட்டில் சாயும்போது மெல்லிய தட்டு ஒருகணம் வானத்தையும் மறுகணம் நீரையும் நோக்கிவிடுவதால், அங்கு குட்டையான ஆன்டெனாவே நம்பத்தக்கது. மரத்திலும் ஃபைபரிலும் ஆன படகுகளில் அடியில் உலோகத்தளம் இல்லாமையால், அதை வேண்டாத அரை அலை வகையே ஏற்றது. கருவியையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கேபிளும் கவனத்துக்கு உரியது: ஆர்.ஜி.58 என்னும் மெல்லிய வகை பத்து மீட்டரில் ஆற்றலின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிட, தடித்த ஆர்.ஜி.213 அதில் பாதியளவே இழக்கிறது. உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரித்துப் பச்சையாக்குவதால், அவற்றை நீர்புகாமல் சுற்றிக் கட்டாத படகில் விலையுயர்ந்த கருவியும் சில பருவங்களில் ஊமையாகிவிடும்.

இந்தியக் கரைகளில் இக்கருவி பரவிய பாதை வேறுவிதமானது. 1933ஆம் ஆண்டின் இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டம், உரிமம் இன்றி வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியிருந்தது. விடுதலைக்குப் பின்னும் அது நீடித்தது. 1953இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் முதலாகப் படகில் எஞ்சின் ஏறி, மீனவர் கரை தெரியாத ஆழ்கடலுக்குச் சென்றபோதும், கரையோடு பேசும் வழி அதே வேகத்தில் அவர்களைத் தொடரவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் பெருமளவில் பிடித்தபோது, தொலைவு மேலும் கூடிற்று.

இடைப்பட்ட ஆண்டுகளில் கரையே தன் செவியையும் வாயையும் கூர்மைப்படுத்திக்கொள்ள முயன்ற முன்மாதிரிகள் உண்டு. புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களின் இறுதியில் அமைத்த தகவல் மையம், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கி வழியே ஊருக்கு அறிவித்தது. அத்தகைய மையம் ஒன்று இருந்த நல்லவாடு கிராமத்தில், ஆழிப்பேரலை நாளன்று சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கை அதே ஒலிபெருக்கியில் முழங்கியதால் ஊர்மக்கள் உயிர்தப்பினர். கேரளக் கரையில் 1997 முதல் 2001 வரை பரவிய கைபேசி, 20 முதல் 25 கிலோமீட்டர் கடல்வரை எட்டி, மத்தி மீன் விலையின் ஏற்றத்தாழ்வைக் குறைத்ததைப் பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வு நிறுவிற்று. ஆயினும் கைபேசி ஒருவரின் காதில் மட்டும் பேசுவது. வயர்லெஸ் எட்டும் தூரத்தில் உள்ள எல்லாப் படகுகளிலும் ஒரே நேரத்தில் ஒலிப்பது. முதலாவது வணிகத்துக்கு உகந்தது; ஆபத்தில் இருப்பவருக்கு வேண்டியது இரண்டாவது. கரையில் இருப்பவரின் எண் தெரியாவிட்டாலும், பெயர் தெரியாத ஒரு பக்கத்துப் படகு அழைப்பைக் கேட்டு வந்துவிடும்.

2017 நவம்பர் இறுதியில் எழுந்த ஓகி புயல் இந்த இடைவெளி முழுவதையும் வெளிச்சமிட்டுக் காட்டியது. குமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய ஊர்களின் மீனவர்கள் சுறாவும் சூரையும் தேடித் தூண்டிலுடன் பல நாள்கள் ஆழ்கடலில் தங்குபவர்கள். நவம்பர் 30ஆம் நாள் புயல் உருவானது அறிவிக்கப்பட்டபோது அவர்களுள் பலர் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருந்தனர். வி.எச்.எஃப். அலையின் அடிவானம் அவர்களுக்கு வெகுதூரம் முன்னரே முடிந்துவிட்டிருந்தது. தமிழகமும் கேரளமும் அந்தப் புயலில் நூற்றுக்கணக்கான மீனவர்களை இழந்தன. அது காற்றின் கொடுமை மட்டுமன்று. பெருங்கப்பல்களுக்கு நூறாண்டுக்கு முன்னரே உறுதிசெய்யப்பட்ட தொடர்பு, சிறு கலங்களுக்கு உறுதிசெய்யப்படாமல் விடப்பட்டதன் விலையும் ஆகும்.

அடிவானத்தைத் தாண்டும் வழி செயற்கைக்கோளே என்பது அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தது. 1992 முதல் 1999 வரை படிப்படியாக நடைமுறைக்கு வந்த உலகக் கடல் அபாய, பாதுகாப்பு முறைமை மோர்ஸ் காவலுக்கு விடைகொடுத்து, செயற்கைக்கோளையும் இலக்கமுறை அழைப்பையும் முன்னிறுத்தியது. அதன் பயனாக, இன்று நிலைப்பொருத்து வயர்லெஸ் பலவற்றில் மூடியிட்ட சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தினால் கலத்துக்கு வழங்கப்பட்ட ஒன்பது இலக்க அடையாள எண்ணும், ஜி.பி.எஸ். இணைக்கப்பட்டிருந்தால் அது நிற்கும் இடமும் சேனல் 70 வழியாகத் தானே சென்றுவிடும். இஸ்ரோ உருவாக்கிய டாட் என்னும் அபாய அறிவிப்புக் கருவி 2010 முதல் செயற்கைக்கோள் வழியே மீனவரின் அபாயச் செய்தியைக் கட்டுப்பாட்டு மையத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. முதல் தலைமுறைக் கருவி செய்தியை அனுப்பியதேயன்றி, அது கேட்கப்பட்டதா என்பதை அழைத்தவருக்குச் சொல்லவில்லை. இரண்டாம் தலைமுறைக் கருவி ‘செய்தி கிடைத்தது’ என்ற மறுமொழியையும் கொண்டுவருகிறது. கவிழும் படகைப் பற்றிக்கொண்டிருப்பவருக்கு அந்த ஒரு மறுமொழி எத்தகைய வலிமை என்பதை எண்ணினால், அம்மாற்றத்தின் பெருமை விளங்கும். இருவழிச் செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவிகளை ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் திட்டமும் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. பாம்பனில் 2016 முதல் 90.4 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி, மீனவரின் பேச்சுமொழியிலேயே கடலின் நிலையை அவர்களுக்கு அறிவித்துவருகிறது.

இவ்வரலாற்றின் வெளிச்சத்தில் பார்த்தால், ஒரு சிறு படகுக்கான வயர்லெஸ்ஸும் ஆன்டெனாவும் தனித்தனிப் பொருள்களாகத் தெரிந்தெடுக்கப்பட வேண்டியவை அல்ல என்பது புலனாகும். எந்தப் படகுகள் சேர்ந்து தொழில் செய்கின்றன, கரையில் எந்த உயரத்தில் யார் காதுகொடுக்கிறார், பனை மறையும் எல்லைக்குள்தான் தொழிலா அல்லது மலையும் மறையும் எல்லைக்கு அப்பாலா என்ற கேள்விகளுக்கு விடை கண்ட பின்னரே, வி.எச்.எஃப். மட்டும் போதுமா, செயற்கைக்கோள் கருவியும் வேண்டுமா என்பது முடிவாகும். படகின் ஆன்டெனாவைத் தெரிவது மீனவரின் வேலை. அதற்கு எதிர்முனையில் உயர்ந்து நிற்கவேண்டிய ஆன்டெனாவும், இரவு முழுவதும் சேனல் 16இல் விழித்திருக்கவேண்டிய செவியும், குறித்த வேளையில் பேசாத படகைத் தேடத் தொடங்கும் ஏற்பாடும் அரசும் ஊரும் சேர்ந்து ஆற்றவேண்டிய கடன். பெருங்கப்பல்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட அந்த மூன்று நிமிட மௌனத்தில் ஒரு நெறி அடங்கியிருந்தது: கடலில் எழும் மிக மெலிந்த குரலுக்கும் முதலிடம் உண்டு. சட்டத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சிறு படகுக்கும் அந்த நெறி உரியதாகும் வரை, கடல் வானொலியின் வரலாறு முழுமை பெறாது.